பூங்கா வாசலில் ஓர் அறை: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து, விடுமுறை நெருங்கும்போதெல்லாம் புதுச்சேரி வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்புகிறது. விடியற்காலையில் வண்டி எடுத்து ராத்திரியே திரும்பிவிடலாமா, இல்லை ஒரு நாள் தங்கிவிட்டு வரலாமா? ரூ.600 கோடிக்கு மேல் முதலீடு, 40-க்கும் மேற்பட்ட ரைடுகள் என்று வந்திருக்கும் இந்தப் பூங்கா, கொச்சி (2000), பெங்களூரு (2005), ஹைதராபாத் (2016), புவனேஸ்வர் (2024) ஆகியவற்றுக்குப் பிறகு அந்த நிறுவனம் தொடங்கியிருக்கும் ஐந்தாவது பூங்கா. அதுவரை நம் ஊர்க்காரர்களுக்கு எட்டிய தூரத்தில் இருந்தவை ஈசிஆரில் முட்டுக்காடு எம்.ஜி.எம்.மும் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யும்தான். கொஞ்சம் துணிந்தவர்கள் பெங்களூரு தாண்டிப் பிடதி வரை போனார்கள். சிங்கப்பூர், பாரிஸ் என்று போகிறவர்களும் நம்மிடையே குறைவில்லை.

எங்கே போனாலும் தங்குவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும். பூங்காவோடு ஒட்டிய விடுதியிலா, வெளியே பாதி வாடகைக்குக் கிடைக்கும் அறையிலா? பயண முகவர்கள் முதலாவதையே சிபாரிசு செய்வார்கள். பிள்ளைகளும் அவர்கள் பக்கம்தான். என் கட்சி வேறு. பெரும்பாலான குடும்பங்களுக்கு, பெரும்பாலான பூங்காக்களில், அந்தக் கூடுதல் காசு தகாது. தகும் இடங்களும் உண்டு. அவை எவை என்பதைப் பூங்கா திறந்து மூடும் நேரமும், அதன் வாசலுக்கு வரும் கடைசி ரயிலும் பஸ்ஸும் தீர்மானிக்கின்றன. விளம்பரப் படத்தில் தெரியும் நீச்சல் குளம் தீர்மானிப்பதில்லை.

இரண்டு கடிகாரங்கள்

மெத்தை, ஏசி, வெந்நீர் இவையெல்லாம் வெளியே உள்ள நல்ல விடுதியிலும் இருக்கின்றன. பூங்காவை ஒட்டிய அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்றால், அந்தக் காசுக்குப் பூங்காவுக்குள் கூடுதல் நேரம் கிடைக்க வேண்டும். மற்றவர்களுக்கு முன்னால் நுழைய முடிய வேண்டும். அல்லது மத்தியானம் அறைக்கு வந்து படுத்து எழுந்து மறுபடி உள்ளே போக முடிய வேண்டும். அல்லது வெளியூர்க் கூட்டம் கலைந்த பிறகும் இருக்க முடிய வேண்டும். மூன்றில் ஒன்றாவது கிடைத்தால் பேரம் பேசலாம்.

நம் நாட்டுப் பூங்காக்கள் பெரும்பாலும் பகல் பூங்காக்கள். வொண்டர்லா வழக்கமாகக் காலை 11 மணி வாக்கில் திறந்து மாலை 6 அல்லது 7 மணிக்கு மூடிவிடும். விடுதிகளிலோ அறைச் சாவி பிற்பகலில்தான் கைக்கு வரும். மறுநாள் முற்பகலில் காலி செய்தாக வேண்டும். இந்த இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் போய் இறங்கும்போது அறை தயாராக இருக்காது. அது தயாராகும் வேளையில் நீங்கள் தண்ணீருக்குள் கிடப்பீர்கள். மாலையில் ஈரத்துணி மூட்டையோடு அறைக்கு வந்தால் ராத்திரிச் சாப்பாடும் தூக்கமும்தான் மிச்சம். மறுநாள் பூங்கா திறக்கும் நேரமும் அறையைக் காலி செய்யும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. மறுபடி உள்ளே போக வேண்டுமானால் அந்த நாளுக்கென்று தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். ஆக, 'பூங்காவிலேயே தங்கினோம்' என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, பூங்கா நேரத்தில் ஒரு நிமிடமும் கூடியிருக்காது.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்திலேயே அறை கேட்பது விடியற்காலை முகூர்த்தத்துக்காக. பத்தரை மணி முகூர்த்தத்துக்கு யாரும் மண்டபத்து அறைக்குச் சண்டை போடுவதில்லை.

7,500 ரூபாய்க் கோடு

விலைப் பட்டியலில் முதலில் கண்ணில் படாத இன்னொரு செலவு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைக்கு 5% வரி. அதைத் தாண்டினால் 18%. ரூ.7,500 அறைக்கு வரியோடு ரூ.7,875 கொடுப்பீர்கள். வாடகை நூறு ரூபாய் கூடி ரூ.7,600 ஆனால், வரி மட்டும் ரூ.1,368, மொத்தம் ரூ.8,968. பூங்காவை ஒட்டிய விடுதிகள் விடுமுறை நாட்களில் இந்தக் கோட்டை எளிதாகத் தாண்டிவிடும். வெளியே இருக்கும் சாதாரண விடுதிகள் கோட்டுக்குக் கீழேயே நிற்கும். அறைக்கும் அறைக்குமான வித்தியாசத்தை வரி இன்னும் அகலமாக்குகிறது.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: உள்ளே அறை ரூ.9,000, வெளியே ரூ.3,500. வரியோடு சேர்த்தால் ரூ.10,620-ம் ரூ.3,675-ம். வித்தியாசம் ரூ.6,945. உள்ளே தங்குவதால் பூங்காவில் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால், ஒரு மணி நேரத்தின் விலை சுமார் ரூ.3,470. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு ரூ.870 போல ஆகிறது. இது தகும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகத் தங்கலாம். கூடுதல் நேரமே கிடைக்காத பூங்காவில் வகுப்பதற்கு எண்ணே கிடையாது, ரூ.6,945-ம் வாசலுக்குக் கொடுத்த வாடகை.

சாப்பாட்டையும் இதோடு சேர்க்க வேண்டும். பெரும்பாலான பூங்காக்கள் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. புளிசோற்றுப் பொட்டலம் வண்டியிலேயே இருக்க வேண்டியதுதான். மத்தியானம் பூங்கா சொல்லும் விலைக்குச் சாப்பிட்டு வந்தவர்கள், ராத்திரியும் அங்கேயே தங்கினால் விடுதி சொல்லும் விலைக்குச் சாப்பிட வேண்டும். வாசலைத் தாண்டினால் இட்லிக் கடை இருக்கிற ஊரில் இந்தச் சிக்கல் வராது. நெடுஞ்சாலையோரத்துப் பூங்காக்களுக்குப் பக்கத்தில் அப்படி ஊர் இருப்பது அரிது.

டிஸ்னி கற்ற பாடம்

பூங்காவோடு விடுதியைச் சேர்க்கும் யோசனை எங்கிருந்து வளர்ந்தது என்று பார்த்தால், இந்த ஏற்பாட்டில் யாருக்கு என்ன லாபம் என்பது புரிந்துவிடும். 1955-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது வால்ட் டிஸ்னியிடம் விடுதி கட்டப் பணம் மிச்சமில்லை. டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக் கட்டி நடத்தியவர் ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர். பூங்காவைச் சுற்றிய சாலைகளில் அடுத்தடுத்து மோட்டல்கள் முளைத்தன. கூட்டத்தை இழுத்தவர் டிஸ்னி; தங்கும் காசை எண்ணியவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். இந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. ஃபுளோரிடாவில் அடுத்த திட்டத்துக்குச் சுமார் 27,000 ஏக்கரை, வாங்குவது யாரென்று வெளியே தெரியாதபடி வேறு வேறு பெயர்களில் வளைத்துப் போட்டார். அவர் மறைந்த பிறகு 1971-ல் அங்கே பூங்கா திறந்தபோது, நிறுவனமே நடத்திய விடுதிகளும் கூடவே திறந்தன.

ஆனால் அந்த ஏற்பாட்டில் விருந்தினருக்கும் ஏதோ கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒர்லாண்டோவில் டிஸ்னிக்கு மட்டும் நான்கு பூங்காக்கள். ஒரே நாளில் முடிக்க முடியாது. டிஸ்னி விடுதிகளில் தங்குகிறவர்கள் மற்றவர்களுக்கு அரை மணி முன்பே நுழையலாம். அதே ஊரில் யுனிவர்சல் நிறுவனத்தின் உயர்தர விடுதிகள் சிலவற்றில், வரிசையைத் தாண்டிச் செல்லும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறை வாடகையிலேயே அடங்கும். அந்தப் பாஸைத் தனியே வாங்கினால் கூட்ட நாட்களில் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். நான்கு பேர் கொண்ட குடும்பம் அங்கே அறை எடுப்பது கெட்டிக்காரத்தனம். கிடைக்கிற நேரம் கொடுக்கிற காசைவிட அதிகம்.

பாரிஸில் ரயில் செய்த வேலை

1962-ல் இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இருப்பதால், புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரிஸ் என்பது அத்தை வீடு, சித்தப்பா வீடு. கோடையில் போகிறவர்கள் பிள்ளைகளை ஒரு நாள் டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப் போகாமல் திரும்புவதில்லை. அவர்களில் எத்தனை பேர் அங்கே அறை எடுக்கிறார்கள்? புறநகரில் உறவினர் வீட்டில் காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், ஷாத்லேயில் ஆர்.இ.ஆர். 'ஏ' ரயில் பிடித்துச் சுமார் நாற்பது நிமிடத்தில் மார்ன்-லா-வல்லே ஷெஸ்ஸி நிலையம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பூங்கா வாசல். ராத்திரி அதே ரயிலில் திரும்பிவிடலாம்.

நம் உறவினர்கள் மட்டும் செய்ததல்ல இது. யூரோ டிஸ்னி என்ற பெயரில் 1992 ஏப்ரல் 12 அன்று அந்தப் பூங்கா திறந்தபோது, கூடவே சுமார் 5,200 விடுதி அறைகளும் திறந்தன. ஃபுளோரிடா மாதிரி ஐரோப்பியர்களும் நாலு நாள் தங்குவார்கள் என்று நிறுவனம் எதிர்பார்த்தது. வந்தவர்களோ பகலெல்லாம் சுற்றிவிட்டுப் பாரிஸில் போய்ப் படுத்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே நியூபோர்ட் பே கிளப் என்ற பெரிய விடுதியைத் தற்காலிகமாக மூட வேண்டியிருந்தது. 1993 நிதியாண்டில் நஷ்டம் 500 கோடி பிராங்குக்கு மேல். கடனும் வட்டியும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்றாலும், நிரம்பாத அறைகள் அந்தச் சுமையைக் கூட்டின. 1994-ல் வங்கிகளோடு பேசிக் கடனை மாற்றியமைத்த பிறகுதான் நிறுவனம் மூச்சுவிட்டது.

சிங்கப்பூரிலும் இதே கதைதான். செந்தோசாத் தீவில் 2010-ல் தொடங்கிய யுனிவர்சல் ஸ்டூடியோஸை ஒட்டியே விடுதிகள் உண்டு. வாடகை அதற்கேற்ற உயரத்தில். நம்மவர்கள் லிட்டில் இந்தியாவில் அறை எடுத்து, சிராங்கூன் சாலை கோமள விலாஸில் தோசை சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுகிறார்கள். வடகிழக்குத் தடத்தில் மாறாமலே ஹார்பர்ஃபிரன்ட். அங்கிருந்து மோனோ ரயிலில் தீவு. வாசல் வரை ரயில் வரும் ஊரில் பூங்கா விடுதிக்காரர் தன் அறையின் தகுதிக்கு மட்டுமே விலை கேட்க முடியும். போக்குவரத்து இல்லாத ஊரில் அந்தத் தகுதியோடு உங்கள் இக்கட்டுக்கும் சேர்த்து விலை வைப்பார்.

எங்கே தகும்?

புதுச்சேரியிலிருந்து பிடதி 300 கிலோமீட்டருக்கு மேல். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் போய், பெங்களூரு நெரிசலையும் கடந்து மைசூரு சாலையைப் பிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். பூங்கா முடிந்து அன்றே திரும்புவது நடக்காத காரியம். அங்கே வொண்டர்லா 2012-ல் 84 அறைகளோடு ஒரு ரிசார்ட்டைத் திறந்தது. முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, ராத்திரி தூங்கி, மறுநாள் முழுத் தெம்போடு பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு அது வசதியானது. பெங்களூரில் அண்ணன் வீடோ மகள் வீடோ இருக்கிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. மெட்ரோவின் ஊதாத் தடம் 2023 அக்டோபரிலிருந்து மைசூரு சாலையில் சல்லகட்டா வரை போகிறது. மிச்ச தூரத்துக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ போதும்.

ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியும் தகும் பட்டியலில் சேரும். 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த இடம். நகரத்திலிருந்து தள்ளி, விஜயவாடா நெடுஞ்சாலையில் இருக்கிறது. உள்ளேயே சித்தாரா, தாரா என்று இருவேறு தர விடுதிகள் உண்டு. ஒரு நாளில் சுற்றி முடியாத இடத்தில், அதுவும் வயதானவர்களோடு, மத்தியானம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கிளம்ப அறை பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் விடுதி வேறொரு விதத்தில் உதவும். மறுநாள் காலை 7.10-க்குக் கிளம்பும் நீலகிரி மலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அடிவாரத்தில் ஓர் இரவு எப்படியும் தேவை. பூங்காவையும் அதோடு முடித்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தை உள்ள வீடுகளை நான் தனியாக வைக்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மத்தியானத் தூக்கம் தவறினால் மொத்தக் குடும்பத்துக்கும் அன்றைய பொழுது போச்சு. முதல் நாளே வந்து தங்கி, நடந்து போகும் தூரத்தில் அறையை வைத்திருக்கும் தாய்க்கு அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை தெரியும். என் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொரு வாதத்தையும் மதிக்கிறேன். பிள்ளைகளுக்கு ரைடு பாதி, விடுதி பாதி. புதுப் படுக்கை, நீச்சல் குளம், காலை பஃபேயில் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் கேக். வருடத்துக்கு ஒரு தடவை வரும் குதூகலத்தை மணிக்கணக்கில் நிறுக்கலாமா என்று கேட்பார்கள். நிறுக்க வேண்டாம். ஆனால் அந்தக் குதூகலம் பூங்கா வாசலில்தான் கிடைக்கும் என்பதில்லை. நீச்சல் குளமும் பஃபேயும் மாமல்லபுரத்திலும் உண்டு.

இள்ளலூருக்குப் போகிறவர்களுக்கு

நமக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு வருவோம். இள்ளலூர் நூறு கிலோமீட்டரைத் தாண்டும் தூரம்தான். போய்விட்டு அன்றே திரும்பலாம். ஆனால் எட்டு மணி நேரம் வெயிலிலும் தண்ணீரிலும் ஆடிய அப்பா, இருட்டில் ஈசிஆரில் வண்டி ஓட்டி வருவதுதான் இந்தப் பயணத்தின் ஆபத்தான பகுதி. அந்தச் சாலையில் இரவு விபத்துகளைப் பற்றி நாம் படிக்காத மாதமில்லை. எனவே தங்கச் சொல்வேன், பூங்காவுக்காக அல்ல, ஓட்டுநரின் தூக்கத்துக்காக. அதற்குத் தோதான ஊர் மாமல்லபுரம். திரும்பும் வழியிலேயே இருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதியிலிருந்து சின்ன லாட்ஜ் வரை எல்லா விலையிலும் அறை உண்டு. மறுநாள் காலை கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு வந்தால் ஒரு பயணம் இரண்டாகும். டிரைவர் வைத்துப் போகிறவர்கள் அவருக்கும் படுக்க இடம் பார்க்க வேண்டும். பேட்டாவோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

அறையில் மிச்சம் பிடித்த காசை வரிசைக்குச் செலவிடுங்கள். வொண்டர்லாவில் வரிசையைக் குறைக்கும் சலுகை அறையோடு வருவதில்லை. ஃபாஸ்ட்ராக் என்று தனி டிக்கெட்டாக விற்கிறார்கள். கூட்டமான நாளில் நேரத்தை உண்மையிலேயே வாங்கித் தருவது அதுதான். அதைவிடச் சிறந்தது, கூட்டமில்லாத நாளில் போவது. அதற்குப் புதுச்சேரிக்காரர்களுக்கு வரலாறு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள். இரண்டும் நமக்கு விடுமுறை, தமிழ்நாட்டுக்கு இல்லை. 2026-ல் இரண்டும் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிடுகின்றன. 2027-ல் இரண்டும் திங்கள்கிழமை. சென்னைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஆகஸ்ட் 16 திங்கள் அன்று, காசு கூட்டிக் கொடுக்காமலே வரிசை குறையும்.

நாம் விற்கும் வாசல்

இந்த வியாபாரத்தில் நாம் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல. சனி, ஞாயிறில் சென்னையும் பெங்களூரும் நம் ஊருக்கு வந்து இறங்கும்போது, ஒயிட் டவுன் விடுதிகளும் வாசலைத்தான் விற்கின்றன. அந்த அறைகளுக்கு அவ்வளவு வாடகை எதற்கு? மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பக்கத்தில் தங்கியவர்கள் அந்த நேரத்தில் படியிறங்கி நடக்கிறார்கள். விடிகாலையில் பார்க்கிங் தேடாமல் சூரிய உதயம் பார்க்கிறார்கள். இங்கே வாசலுக்குக் கொடுக்கும் விலைக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அதே சாலையில் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லத்தில் அதே கடல் மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். மது கூடாது, புகை கூடாது, ராத்திரி 10.30-க்கு வாசல் பூட்டு என்ற நிபந்தனைகளோடு. யாருக்கு எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளும் வசதி ஊருக்குள் இருக்கிறது.

நம் ஊருக்கும் பூங்காவுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. இங்கே எந்த விடுதியில் தங்கினாலும் விருந்தினர் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அவர் காசு பெரிய மார்க்கெட்டிலும் நேரு வீதியிலும் ஞாயிறு சந்தையிலும் சிதறுகிறது. காம்பவுண்டுக்குள்ளேயே தூங்கவைத்து, சாப்பிடவைத்து அனுப்பும் பூங்காவால் சுற்றியுள்ள கிராமத்துக் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்? சுற்றுலாத் திட்டங்களுக்கு நிலமும் வரிச் சலுகையும் கொடுக்கும் அரசுகள் கேட்க வேண்டிய கேள்வி இது.

அரசுகள் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. நம் சாலைப் போக்குவரத்துக் கழகம் விடுமுறை நாட்களில் காலை 7 மணிக்குப் புதுச்சேரியில் கிளம்பி, பூங்கா மூடியதும் இள்ளலூரிலிருந்து திரும்பும் ஒரு தனிப் பஸ்ஸை விடலாம். ஆட்டம் போட்டுக் களைத்தவர்கள் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்வார்கள். தமிழ்நாட்டுப் பஸ்கள் மாமல்லபுரத்தையும் சென்னை மெட்ரோ நிலையங்களையும் பூங்காவோடு இணைக்கலாம். நாளைக்கு அங்கே ஒரு விடுதி எழுந்தாலும், பாரிஸிலும் சிங்கப்பூரிலும் போல, அது தன் தகுதிக்கு மட்டுமே விலை சொல்ல வேண்டிவரும்.

அதுவரை, அறை பதிவு செய்யும் முன் விடுதிக்குப் போன் போட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே தங்கினால் பூங்காவில் எத்தனை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்? மறுநாள் அதே டிக்கெட்டில் நுழைய முடியுமா? வரிசைச் சலுகை வாடகையில் சேர்ந்ததா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், வெளியே அறை எடுங்கள். மிச்சக் காசில் பிள்ளைகளை இன்னொரு தடவை கூட்டிப் போகலாம்.